கஸ்தூரியின் கவுனுக்குப் பித்தளைக் கொக்கி

திருச்சானூரிலிருந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் ஷேர் ஆட்டோவில், என் மனைவி பானு திடீரென்று முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். மண்டையைப் பிளக்கும் வெயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஜுரமா என்று தெலுங்கில் கேட்டாள். பானு இல்லை என்று தலையாட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் வந்த என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரவிக்கையில் கொக்கி போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் இறங்கியதும் ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். "மேல ரெண்டும் போச்சு. மூணாவது போய்க்கினு கீது. ஓடிப் போய் பின்னு வாங்கிகினு வாங்க" என்றாள். வாங்கி வந்தேன். அதை முந்தானைக்குள் கொண்டுபோய்க் குத்திக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தாயார் சந்நிதியில் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டபோதே முதல் கொக்கி நெகிழ்ந்துவிட்டதாம். ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்து எம்பினாளே, அப்போது இரண்டாவது. கடையில் வாங்கித் தைக்கிற சாதாரணக் கொக்கி இத்தனை வருஷத்தில் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. என் கையால் வளைத்து, என் கையால் சூடு காட்டிச் செய்த பித்தளைக் கொக்கி ஒரு காலைப்பொழுதைக்கூடத் தாங்கவில்லை.

பல்லைத் தவிர

பல் கட்டும் தொழிலுக்கு நான் வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், உங்கள் கைக்குப் பல்லைத் தவிர வேறு வேலை ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டிருந்தார். வந்தது. ஒரே ஒரு முறை. அதைத்தான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் லேப் சித்தூரில் இருக்கிறது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பிளாஸ்டர் மாவில் வார்த்து அதற்குப் பல் செய்து கொடுப்போம். நோயாளிக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவர்கள் முகம் தெரியாது. வாய் மட்டும் நன்றாகத் தெரியும். திருப்பதி டாக்டர்களிடமிருந்து அச்சுகளை வாங்கி வருவது என் கூட்டாளி வரதன். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்மார் பெருமாளைப் பார்த்துக்கொள்ள, இவன் மட்டும் பல்லைப் பார்க்க வந்துவிட்டான்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை கம்பி வளைப்பது. ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்குச் செய்யும் செட்டில், பக்கத்துப் பல்லைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி வைப்போம். பிளையரை அரிசிமணி அளவுக்குத் திருப்பினாலே கம்பியின் வளைவு மாறிவிடும். இறுக்கம் கூடினால் பல் வலிக்கும், குறைந்தால் சாப்பாட்டோடு செட்டும் தட்டில் விழும்.

ஒருமுறை வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து ஒரு நாகஸ்வர வித்துவான் டாக்டர் சீட்டோடு நேராக எங்கள் லேபுக்கே வந்துவிட்டார். முன்பல் செட் சாப்பிடும்போது நன்றாகத்தான் நிற்கிறது, ஊதும்போது ஆடுகிறது என்றார். கம்பியைச் சரிசெய்து கொடுத்தேன். அவர் உறையிலிருந்து நாகஸ்வரத்தை எடுத்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார். தெருவே லேப் வாசலில் கூடிவிட்டது. ஊதுவார், நிறுத்துவார், "கொஞ்சம் இடப்பக்கம்" என்பார். நான் கம்பியைத் திருப்பிக் கொடுப்பேன், மறுபடி ஊதுவார். வரதன் வேலையை விட்டுவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

பிடிக்கிற சாமானை மேஜைமேல் வைத்துப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, உபயோகிப்பவர் உபயோகித்துத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. பானுவை அந்த ரவிக்கையோடு திருச்சானூருக்குக் கூட்டிப்போனது அதனால்தான்.

அங்கே ஒரு திருவிழா

கொக்கி என் தங்கை கஸ்தூரிக்காக. எனக்கும் அவளுக்கும் வயதில் நிறைய இடைவெளி. எங்கள் ஊர் குடுபல்லியிலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது. எங்கள் தாத்தா காலம்வரை சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. எங்கள் அப்பா, நைனா, கூலிக்குப் போய், குத்தகைக்கு எடுத்து, பிறகு கொஞ்சம் நிலம் வாங்கித் தக்காளி போட்டார். அம்மா தவறிய பிறகு அந்த நிலத்தையும் கஸ்தூரியையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவள் நர்ஸிங் படித்தாள், பிறகு ஜெர்மன் பாஷை படித்தாள், ஒருநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

அது ஜெர்மனியின் தெற்கே மதில் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். முதல் குளிர்காலத்தில் அவள் போன் பண்ணும்போதெல்லாம் ஒரே குறைதான். மூன்றாம் மனுஷியோடு பேசுகிற மாதிரிதான் எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள், பஸ்ஸில் யாரும் வாயே திறப்பதில்லை, மத்தியானத்திலேயே இருட்டிவிடுகிறது என்பாள். நைனா உடனே, "வந்துடு. இங்க இன்னா கொறச்சலு" என்பார். எங்கள் பக்கத்து டவுனான குப்பத்தில் மின்சார இலாகாவில் வேலை பார்க்கும் ஒரு பையன் வீட்டில் அவளைக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார்கள். கஸ்தூரி முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள். அதையே நைனா சம்மதம் என்று வைத்துக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் அவள் பேச்சில் கெர்டா என்று ஒரு பெயர் வர ஆரம்பித்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் பிரிவில் இருக்கும் அம்மாள். அந்த ஊரில் கோடையில் ஒரு திருவிழா நடக்கும். சில நாட்களுக்கு ஊரே ஐநூறு வருஷத்துக்கு முன்னால் போய்விடும். ரொட்டிக்காரர், கொல்லர், தண்ணீர் சுமக்கிறவர் என்று ஆளுக்கு ஒரு வேஷம். வேஷம் என்று சொன்னால் கெர்டாவுக்குக் கோபம் வருமாம். உடை என்றுதான் சொல்ல வேண்டும். ஜிப் கூடாது, எலாஸ்டிக் கூடாது, மிஷின் தையல் வெளியே தெரியக் கூடாது. அந்தக் காலத்தில் எந்தத் துணியை எந்தக் கொக்கியால் மாட்டினார்களோ அதேதான் இருக்க வேண்டும். திருவிழாவுக்கு முன் ஒருநாள் எல்லோருடைய உடையையும் வைத்துச் சோதிப்பார்கள். சரியில்லை என்றால் ஊர்வலத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

கெர்டா கஸ்தூரியைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். கம்பளித் துணியில் நீலக் கவுன் ஒன்றை இருவரும் சேர்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். துணி கெர்டா கொடுத்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம், உடையில் ஏதாவது ஒன்று அவரவர் வீட்டாள் கையால் செய்ததாக இருக்கும். ஒருவருக்கு அப்பா தைத்த செருப்பு, ஒருவருக்கு அக்கா பின்னிய இடுப்புப் பட்டை.

"உனக்குத்தான் கம்பி வளைக்க வருமே அண்ணா. முன்னாடி மாட்றதுக்கு கொக்கி வேணும். உள்ளாற கயிறு கோத்து இழுக்கணும், அந்தக் கயிறு முனைக்கு பித்தளைக் குப்பி வேணும். செஞ்சு தர்றியா?"

ஷூ லேசின் முனையில் பிளாஸ்டிக் சுற்றியிருக்குமே, அதைப் பித்தளைத் தகட்டில் சுருட்டிச் செய்வதுதான் அந்தக் குப்பி. செய்து தருகிறேன் என்றேன். என் தங்கை என்னிடம் ஒன்று கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

பளபளப்பு

முதல் தொகுதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்கள் லேபில் எதைச் செய்தாலும் கடைசியில் பாலிஷ். வாய்க்குள் போகிற சாமானில் சொரசொரப்பு இருந்தால் நாக்கு சும்மா இருக்காது. அந்தப் பழக்கத்தில் கொக்கிகளையும் மிஷினில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். கொக்கியின் அடியில் தையல் போடும் இரண்டு வளையங்களையும் இடைவெளி தெரியாமல் பற்றவைத்தேன். ஒவ்வொன்றும் மற்றதன் நிழல் மாதிரி ஒரே அளவு. வரதன் பார்த்துவிட்டு, "நன்னா இருக்குடா முனிரத்தினம். மூக்குத்தி மாதிரி இருக்கு" என்றான். பெருமையாக அனுப்பினேன்.

கெர்டா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாளாம். பிறகு கஸ்தூரியிடம், உன் அண்ணன் மிக நல்ல கைக்காரர், ஆனால் இது நேற்றுச் செய்த நகை என்றாளாம். அந்தக் காலத்தில் கொக்கி ஒரு சந்தைச் சரக்கு. வீட்டில் உட்கார்ந்து வேகவேகமாக வளைத்துக் குவிப்பார்கள். பற்றவைக்க மாட்டார்கள், தேய்க்க மாட்டார்கள். ஒன்று லேசாகப் பெரியது, ஒன்று லேசாகக் கோணல். அதோடு மண்ணுக்கடியில் கிடைத்த பழைய கொக்கிகளின் போட்டோ சிலவற்றையும் அனுப்பினாள். பச்சை பூத்து, கறுத்து, நசுங்கி, பார்க்கப் பரிதாபமாக இருந்தன.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கஸ்தூரியிடம் காட்டாமல், பரவாயில்லை, கொஞ்சம் அழுக்காகச் செய்து அனுப்புகிறேன் என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். திருவிழாக்காரர்களின் போன கூட்டத்தில் ஒரு பெரியவர், கெட்டவர் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: அந்தக் காலத்தில் நம் ஊரில் இந்த மாதிரி ஆட்கள் இருந்ததில்லையே, உடை சரியாக இருந்தால் போதுமா, ஆள் சரியாக இருக்க வேண்டாமா என்று.

நான் கேட்டேன்:

"நீ இன்னா சொன்ன?"

"அவரு தட்டுல உருளைக்கிழங்கு சாலட் இருந்துச்சு. அந்தக் காலத்துல இந்த ஊர்ல அதுவும்தான் இல்ல, துன்னுகினுதானே கீறீங்கன்னு கேட்டேன்."

கூட்டம் சிரித்துவிட்டதாம். அவரும் சிரித்தாராம். ஆனால் கஸ்தூரி சிரிக்காமல் சொன்னாள்: "சிரிச்சாங்க. ஆனா நான் போட்டுகினு போறதுல ஒரு கொறையும் யாரும் சொல்லக் கூடாதுண்ணா. மத்தவங்களுக்கு ஒரு தப்பு இருந்தா தப்புன்னு சொல்லுவாங்க. எனக்கு இருந்தா வேற மாதிரி சொல்லுவாங்க."

இதுவரை தங்கச்சிக்கு ஒரு விளையாட்டுச் சாமான் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அன்றோடு போயிற்று.

பெருமாளுக்குக் கொக்கி ஏது

நல்ல பித்தளைக் கம்பி தேடி வரதனும் நானும் திருப்பதியில் பாத்திரக் கடைத் தெருக்களைச் சுற்றினோம். கடைசியில் விளக்குச் சங்கிலி செய்கிறவர்களுக்குக் கம்பி விற்கும் கடை ஒன்று கிடைத்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். வெள்ளைக்காரிகளின் கவுனுக்குக் கொக்கி என்று வரதன் சொன்னான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கம்பியை எடைபோட்டார்.

காபி குடிக்கும்போது வரதன் ஒன்று சொன்னான். அவன் சொல்லும்வரை நான் அதை யோசித்ததே இல்லை. "பெருமாளுக்கு ஏதுடா கொக்கி, பொத்தான்? எத்தனை வஸ்திரம் சாத்தினாலும் எல்லாம் மடிப்பு, கட்டு, செருகல். அவ்வளவுதான். குளிர்ற தேசத்துலதான் துணிய வெட்டி ஒடம்போட ஒட்டித் தச்சுக்கணும். அப்போதான் கொக்கி வேணும்."

வாஸ்தவம்தான். நைனாவின் உடம்பில் இன்றைக்கும் ஒரு பொத்தான் கிடையாது. வேட்டியும் துண்டும்தான். பானுவின் சேலையிலும் கொக்கி கிடையாது, ரவிக்கையில்தான். கஸ்தூரி அங்கே போன முதல் வாரம் கோட்டுப் பொத்தானையெல்லாம் போட்டு முடிக்கவே நேரமாகிறது, பஸ் போய்விடுகிறது என்று புலம்பியது ஞாபகம் வந்தது.

புதுக் கம்பி விறைப்பாக இருந்தது. சின்ன வளையமாக வளைத்தால் விரிசல் விட்டது. அதனால் நெருப்பில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டேன். பித்தளை அப்படிச் செய்தால் நூல் மாதிரி இளகிவிடும். வளைக்க வளைக்க ஆசையாக இருந்தது. பாலிஷ் கிடையாது, பற்றவைப்பு கிடையாது. அளவெடுக்காமல் கண்ணால் பார்த்தே வளைத்தேன். போட்டோவில் இருந்தது மாதிரியே வந்தது. இப்போதாவது அனுப்பும் முன்னால் போட்டுப் பார்க்கலாம் என்று பானுவின் பழைய ரவிக்கை ஒன்றில் தைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் திருச்சானூர்.

நசுங்கிய இடம்

பூக்கடையிலிருந்து பஸ்ஸுக்கு நடந்தபோது பானு மெதுவாகச் சொன்னாள். "கொக்கி கெட்டியா வந்துடுச்சுன்னா கஸ்தூரி அந்த ஊர்வலத்துல போவும். அப்பால குப்பத்துக்கு திரும்பி வரும்னு நெனச்சுகினு கீறீங்களா?"

அவள் கேட்டது என் மனசிலும் இருந்தது. நைனாவிடம் இந்தக் கொக்கி வேலையைப் பற்றி நான் வாயைத் திறக்காததற்கும் அதுதான் காரணம். பஸ் சந்திரகிரியைத் தாண்டியதும் பானுவே, "சரி, அதுக்காக கழண்டு போற கொக்கியா அனுப்ப முடியும்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லேபில் போய்க் கழன்ற கொக்கிகளைப் பார்த்தேன். வளைவு விரிந்து போயிருந்தது. இளக்கின கம்பி இளகினபடியே இருந்தால் இழுப்புக்கு விரியாமல் என்ன செய்யும்? இளக்காவிட்டால் விரிசல், இளக்கினால் விரிவு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பல் கம்பி ஸ்டீல். அதை நெருப்பில் காட்டும் பேச்சே கிடையாது. அதனால் எனக்கு இது புதிது.

மேஜையில் கெர்டா அனுப்பிய போட்டோவின் பிரிண்ட் கிடந்தது. மாவு ஒட்டியிருந்ததை ஊதிவிட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய கொக்கிகள் நசுங்கியிருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? நன்றாகப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் நசுங்கியிருந்தன. கொக்கியின் வளைவில் மட்டும். தையல் வளையங்களில் கம்பி உருண்டையாகவே இருந்தது. மண் நசுக்கினால் ஒரே இடமாகப் பார்த்தா நசுக்கும்?

யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். வளைத்த பிறகு, வளைவில், இரண்டு மூன்று தட்டு.

ஒரு கொக்கியை எடுத்து இரும்புக் கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். வளைவு லேசாகத் தட்டையானது. பிளையரால் பிடித்து இழுத்தேன். விரியவில்லை. இன்னும் இழுத்தேன். பித்தளை தட்டத் தட்ட இறுகும் என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கலாம். எனக்கு அதைச் சொன்னது, பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஐநூறு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன சுத்தியல் தழும்புதான். அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மட்டும் நிச்சயம்.

வரதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இழுத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு சுத்தியல் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அன்றைக்குப் பல் வேலை எதுவும் நகரவில்லை.

நைனா இழுத்துப் பார்த்தது

பானு புதுக் கொக்கி தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே வீட்டு வேலையெல்லாம் செய்தாள். பரண்மேலிருந்து அண்டாவை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். போர்வை துவைத்து உதறினாள். பக்கத்து வீட்டில் தேங்காய் உரிக்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுப் போய் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் ஆவல" என்று அறிவித்தாள்.

அந்த வாரத்தில்தான் நைனா கண் காட்டிக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்தார். கண்ணுக்கு மருந்து விட்டு, கொஞ்ச நாள் வெயிலில் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் லேபில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒளிக்க முடியவில்லை. இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"திரும்பி வரப்போற பொண்ணுக்கு அங்க எதுக்கு துணி?" என்றார்.

கோபத்தில் சொன்னதாகத் தோன்றவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் உருளைக்கிழங்குக் கதையைச் சொன்னேன். அதை முழுதாகக் கேட்டார். பெரியவர் சொன்னது வந்த இடத்தில் அவருடைய தாடை இறுகியது. கூலிக்காரனாக இருந்த காலத்தில் யார் யார் வீட்டு வேலிக்கு வெளியே நின்றார் என்பதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. எங்களுக்கும் தெரியாமல் இல்லை. கஸ்தூரி பதில் சொன்ன இடம் வந்ததும் அந்தத் தாடை சிரிப்பில் அசைந்தது.

"அப்டியே கேட்டுச்சா?"

"அப்டியேதான் நைனா."

கையை நீட்டினார். ஒரு கொக்கியையும் அது மாட்டும் கண்ணியையும் கொடுத்தேன். ஒன்றில் ஒன்றை மாட்டி, இரண்டு பக்கமும் விரலால் பிடித்து இழுத்தார். ஏர் பிடித்த விரல்கள். கழுத்து நரம்பு தெரிய இழுத்தார். கொக்கி விரியவில்லை.

"கெட்டியாத்தான் கீது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஊர்வலம்

பார்சல் அங்கே போய்ச் சுங்கத்தில் நின்றது. கஸ்தூரியை நேரில் வரச்சொல்லி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல அங்கிருந்தவருக்குப் புரியவில்லையாம். கடைசியில் ஒரு கொக்கியைக் கண்ணியில் மாட்டித் தன் கோட்டில் வைத்துக் காட்டினாளாம். சோதனை நாளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கைக்கு வந்தது. கெர்டாவும் அவளும் மத்தியான இடைவேளைகளில் ஆஸ்பத்திரித் தையல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைத்தார்கள்.

சோதனையில் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வரி செய்தி அனுப்பினாள். அந்த மாதிரி இடத்தில் ஒன்றும் சொல்லாததுதான் பெரிய பாராட்டு என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். பல் சரியாக இருந்தால் டாக்டர் போன் பண்ணமாட்டார்.

ஊர்வலம் அவர்களுக்கு மத்தியானம், எங்களுக்குச் சாயங்காலம். நைனா மறுபடி கண் காட்டிக்கொள்ள வந்திருந்தார். வரதன் வீட்டாரோடு வந்திருந்தான். பானு டி.வி.யில் போனை இணைத்துவிட்டாள். அங்கே போனைப் பிடித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? உருளைக்கிழங்குப் பெரியவர்தான். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அந்த வருஷம் அவர் ஊர்வலத்தில் போகவில்லை. கை நடுக்கத்தில் படம் ஆடியது. முதலில் கல் பாவிய தெரு தெரிந்தது, பிறகு ஒரு குதிரையின் பின்பக்கம், பிறகு வெகுநேரம் வானம்.

பிறகு கஸ்தூரி.

தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். நீலக் கவுன் கழுத்திலிருந்து இடுப்புவரை சுருக்கமில்லாமல் நின்றது. கையில் ஒரு கூடை. பக்கத்தில் உயரமாக, பழுப்பு உடையில் கெர்டா. தெருவோரம் நின்றவர்கள் கையாட்டினார்கள், இவளும் ஆட்டினாள். போனைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஒதுங்கி வந்தாள்.

"கொக்கி எங்க கீது? ஒண்ணும் தெரியலையே" என்றார் நைனா.

"தெரியக் கூடாது நைனா. துணி ரெண்டும் ஒட்டிகினு நிக்கணும். அதான் சரி."

கவுனின் ஓரத்தை விரலால் லேசாகப் பிரித்து, உள்ளே ஒரு கொக்கியை மட்டும் காட்டினாள். பித்தளை ஏற்கனவே மங்க ஆரம்பித்திருந்தது. வரதன் எழுந்து நின்று டி.வி. பக்கத்தில் போய்ப் பார்த்தான். அது தான் தட்டியது என்றான். இருக்கலாம். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பெரியவர் ஜெர்மனில் ஏதோ சொன்னார். கஸ்தூரி சிரித்துவிட்டு எங்களுக்குச் சொன்னாள். அடுத்த வருஷம் தன் கோட்டுக்கும் இந்த மாதிரி கொக்கி கிடைக்குமா என்று கேட்கிறாராம். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"செஞ்சு குட்றோம்னு சொல்லு" என்றார்.

ஊர்வலம் நகர்ந்தது. கெர்டா கூப்பிட, கஸ்தூரி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். அந்தக் கூட்டத்தில் நீல முதுகு தெரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மறுபடி வானம் வந்தது, போன் அணைந்தது.

பானு காபி போட எழுந்துபோனாள். நைனா தோள்துண்டை எடுத்து, மருந்து விட்ட கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"குப்பத்துல அந்தப் பையன் ஊட்டாண்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிடு முனி" என்றார். "நம்ம பொண்ணு இப்போ வராது, அவங்க வேற எடம் பாக்கட்டும். காக்க வெக்கறது தப்பு."

சரி நைனா என்றேன்.

இரண்டு நாள் கழித்து கஸ்தூரி போன் பண்ணியபோது அவர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திருவிழா முடிந்து எல்லாம் மூட்டை கட்டியாயிற்று, இன்றைக்கு டூட்டி என்றாள். நான் போனை அவரிடம் கொடுத்தேன். குப்பத்துப் பையனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு சொட்டுக்கூட விழவில்லை, தக்காளி காய்கிறது என்று சொல்லிவிட்டு, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணிடம் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்:

"உன் ஊர்ல மழை பெஞ்சுதாம்மா?"